எண்ணெய் உண்ணும் உயிர்களும் சுன்னாகத்துக் கிணறுகளும்

சுன்னாகத்தில் எண்ணெய் கலந்த கிணறுகளைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் ஒரு கேள்வியும் தவறாமல் எழுகிறது. எண்ணெயை உண்டு செரிக்கும் பற்றீரியா இருக்கிறது என்கிறார்களே, அதைக் கொண்டுவந்து கிணறுகளில் விட்டால் என்ன? 2015 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கொழும்பில் நான் பணியாற்றிய ஆசிரியபீடத்துக்குத் தொலைபேசியில் அழைத்து இதைக் கேட்டவர்கள் பலர். அண்மையில் ரொறன்ரோவில் வாழும் நண்பர் ஒருவரும் மின்னஞ்சலில் இதையே கேட்டிருந்தார். கேலியாகக் கேட்கப்பட்ட கேள்வி அன்று. அப்படிப்பட்ட உயிர்கள் இருப்பது உண்மை. அவை பெற்றோலையும், பெற்றோலில் மனிதன் வலிந்து கலந்த சேர்மானங்களையும்கூட உண்டு தீர்த்த வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டால், சுன்னாகத்துக்கு அவை எந்த அளவு பயன்படும் என்பதும் விளங்கும்.

மலையகத்தில் பிறந்த நான் வலிகாமத்துக் கிணறுகளைப் பற்றி எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. என் ஊர் உக்குவளை. கண்டிக்கும் மாத்தளைக்கும் இடையிலான புகையிரதப் பாதையில் உள்ள சிற்றூர். பொல்கொல்லையில் மகாவலி கங்கையை மறித்து, மலையைக் குடைந்து, ஏறத்தாழ 8 கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தின் வழியாக நீரை எங்கள் ஊருக்குக் கொண்டுவந்தார்கள். அந்நீர் மின் நிலையத்தின் விசையாழிகளைச் சுழற்றிவிட்டுச் சுது கங்கையில் கலந்து, அம்பன் கங்கை வழியாக வடக்கு நோக்கி வயல்களுக்குச் செல்கிறது. சுரங்கம் தோண்டப்பட்ட ஆண்டுகளில் நான் பாடசாலை மாணவன். 1976 இல் மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. அங்கே பிறந்த மின்சாரம் எங்கள் தெருக்களுக்கு மட்டும் உரியதன்று. நாடு முழுவதையும் இணைத்த மின்வலைக்குள் அது போய்ச் சேர்ந்தது. அந்த வலையின் வடமுனை சுன்னாகம். யாழ்ப்பாணத்தவர்கள் அதனை ‘லக்சபான மின்சாரம்’ என்று அழைத்தார்கள். உக்குவளையின் நீரும் அதில் ஒரு துளி என்று அக்காலத்தில் நான் பெருமைப்பட்டதுண்டு.

1990 இல் போர் அந்த இணைப்பை அறுத்தது. அதன் பின்னர் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக யாழ் குடாநாடு தனக்கு வேண்டிய மின்சாரத்தை எண்ணெயை எரித்தே பெற வேண்டியிருந்தது. பல ஆண்டுகள் அதுவும் கிடைக்கவில்லை. குப்பி விளக்குகளின் காலத்தை அங்கிருந்தோர் மறந்திருக்க மாட்டார்கள். நிலைமை சற்றே சீரானபோது, பழைய மின் நிலையம் இருந்த சுன்னாகமே மின்பிறப்பாக்கிகளின் இடமாயிற்று. இலங்கை மின்சார சபையின் இயந்திரங்களும் தனியார் இயந்திரங்களும் அங்கே இயங்கின. நோர்தேன் பவர் என்ற தனியார் நிறுவனத்தின் நிலையம் அவற்றுள் பெரியது. 24 மெகாவாற்று கொண்ட ‘உத்துரு ஜனனி’ 2013 இல் சேர்ந்தது. தேசிய மின்வலை மீண்டும் சுன்னாகத்தை வந்தடைந்ததும் ஏறத்தாழ அதே காலத்தில்தான்.

எண்ணெயால் இயங்கும் மின் நிலையத்தில் புகைபோக்கியைத்தான் எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். கழிவு நிலத்தில் கிடக்கிறது. தடித்த உலை எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது ஒதுங்கும் சேறு, கழுவிய நீர், பழுதான மசகு எண்ணெய் ஆகியன நாள்தோறும் சேரும். இந்த மசகு எண்ணெய் வெறும் எண்ணெய் அன்று. தேய்மானத்தைக் குறைப்பதற்கென்று நாகம், பொசுபரசு முதலியவை கொண்ட சேர்மானங்கள் அதில் கலக்கப்படுகின்றன. இயந்திரத்துக்குள் ஓடித் திரும்பும்போது உலோகத் துகள்களும் சேர்ந்துவிடுகின்றன. இவற்றை முறையாகச் சேர்த்து அகற்றாவிடில் அவை நிலத்துக்குள் இறங்கும்.

இறங்கும் நிலம் எத்தகையது என்பதை நினைத்துப் பாருங்கள். யாழ் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. மாரி மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின்மீது மெல்லிய நன்னீர்ப் படலமாக மிதக்கிறது. குடிப்பதும் வெங்காயத்துக்கு இறைப்பதும் அதைத்தான். சுண்ணக்கல்லோ வெடிப்புகளும் குகைகளும் நிறைந்தது. நிலாவரைக் கிணறும் கீரிமலைக் கேணியும் நிலத்தடியில் நீர் எப்படி வழி தேடி ஓடுகிறது என்பதற்குக் கண்கண்ட சான்றுகள். மணல் நிலத்தில் எண்ணெய் அங்குலம் அங்குலமாக ஊர்ந்து செல்லும். சுண்ணக்கல்லில் அதற்குத் தெருவே அமைந்திருக்கிறது.

2013, 2014 ஆம் ஆண்டுகளில் மின் நிலையத்தைச் சூழ்ந்த பகுதிகளில் கிணற்று நீரின்மீது எண்ணெய்ப் படலம் தெரிவதாக முறைப்பாடுகள் வரத் தொடங்கின. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையைச் சேர்ந்தோர் சுற்றுவட்டாரத்தில் 150 கிணறுகளை ஆராய்ந்தபோது, ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு கிணறுகளில் எண்ணெயும் கிறீசும் அனுமதிக்கப்பட்ட அளவை மீறியிருக்கக் கண்டனர். சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை, உடுவில் என்று அச்சம் பரவியது. 2015 ஜனவரியில் மக்கள் வீதிக்கு வந்தார்கள். வீட்டுக் கிணறு இருக்க, பவுசருக்குக் குடத்தோடு காத்திருக்க வேண்டிய நிலை. தன் வளவுக் கிணற்று நீரின் சுவையை அடுத்த வீட்டுக் கிணற்றோடு ஒப்பிட்டுப் பெருமை பேசும் ஒரு சமூகத்துக்கு இது எத்தகைய அவமதிப்பு என்பதை, குழாய் நீரிலேயே வளர்ந்தவர்கள் உணர்வது கடினம். மல்லாகம் நீதவான் நீதிமன்றத்தின் உத்தரவினால் அந்தத் தனியார் நிலையத்தின் இயக்கம் நின்றது.

பின்னர் நிபுணர்களின் சண்டை தொடங்கியது. வட மாகாண சபை அமைத்த நிபுணர் குழு, அஞ்சுமளவுக்கு மாசு இல்லை என்ற வகையில் அறிக்கை தந்தது. மக்களும் வேறு அறிஞர்களும் அதை ஏற்கவில்லை. சுற்றாடல் ஆர்வலர் ஒருவர் தாக்கல் செய்த அடிப்படை உரிமை மனுவின்மீது, 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. (இலங்கையில் உயர் நீதிமன்றம் என்பதே நாட்டின் அதியுயர் நீதிமன்றம். தமிழக வாசகர்கள் குழம்ப வேண்டாம்.) மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாட்டின்படி, அந்நிறுவனம் பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபாய் வழங்க வேண்டும் என்று பணித்தது. கண்காணிக்க வேண்டிய அரச அமைப்புகள் தம் கடமையைச் சரிவரச் செய்யவில்லை என்பதையும் சுட்டியது. சட்ட வரலாற்றில் இது முக்கியமான தீர்ப்பு. ஆயினும் ஒரு தீர்ப்பினால் நிலத்தடியில் இருக்கும் எண்ணெயை எடுத்துவிட முடியாது. பற்றீரியாவைப் பற்றிய கேள்வி இங்கேதான் பொருள் பெறுகிறது.

நிலத்துக்கு அடியில் கிடக்கும் எண்ணெயை உயிர்கள் உண்ணும் என்பது நேற்றைய கண்டுபிடிப்பன்று. அமெரிக்க நுண்ணுயிரியலாளர் குளோட் சோபெல் 1946 இலேயே, ஐதரோகாபன்களை உணவாகக் கொள்ளும் நுண்ணுயிர்கள் ஏறத்தாழ 100 இனங்களைத் தொகுத்துக் காட்டினார். அவை மண்ணிலும் கடலிலும் எங்கும் பரவியிருக்கின்றன. பூமியின் பிளவுகளில் எண்ணெய் கசியாத காலம் ஏது? கோடானுகோடி ஆண்டுகளாகக் கசிந்துகொண்டிருப்பதைத் தின்னப் பழகிய உயிர்கள் அவை.

இந்த அறிவை முதன்முதலாக ஒரு நிலத்தடி நீர்ப்படுகையில் பயன்படுத்தியவர் ரிச்சர்ட் ரேமண்ட். சண் எண்ணெய் நிறுவனத்தின் ஆய்வாளர். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் அம்பிளர் என்ற ஊரருகே குழாய் உடைந்து பெற்றோல் நிலத்துக்குள் இறங்கியிருந்தது. அங்கும் வெடிப்புகள் நிறைந்த பாறைதான். சுண்ணக்கல்லின் உறவினனான டொலமைற்று. முதலில் பம்பிகளால் எடுக்க முடிந்த பெற்றோலை எடுத்தார்கள். எஞ்சியதை எடுக்க வழியில்லை. ரேமண்டின் குழுவினர் 1972 இல் தொடங்கிய முயற்சியில் புதிய பற்றீரியா எதையும் கொண்டுவரவில்லை. அந்நீரிலேயே பெற்றோலை உண்ணும் உயிர்கள் இருப்பதைக் கண்டார்கள். உணவு தாராளமாக இருந்தும் அவை பெருகாமல் இருந்ததற்குக் காரணம், நைதரசன், பொசுபரசு, ஒட்சிசன் ஆகியவற்றின் பற்றாக்குறை. உரத்தைக் கரைத்து உள்ளே செலுத்தினார்கள், காற்றையும் செலுத்தினார்கள். உயிர்கள் பன்மடங்கு பெருகிப் பெற்றோலைக் குறைத்தன. சோறு இருந்தும் தண்ணீர் இல்லாமல் விக்கிக்கொண்டிருந்தவனுக்கு ஒரு செம்பு நீர் கொடுத்தது போன்ற காரியம்.

இதில் ஒட்சிசன் பங்கை ஒரு சிறு கணக்கினால் விளக்கலாம். பெற்றோலை முற்றாகச் சிதைத்துக் கரியமில வாயுவாகவும் நீராகவும் மாற்ற, ஒரு கிராமுக்கு மூன்று கிராமுக்கு மேல் ஒட்சிசன் வேண்டும். நம் நாட்டு வெப்பநிலையில் ஒரு லீற்றர் நீரில் கரையக்கூடிய ஒட்சிசன் சுமார் 8 மில்லிகிராம் மட்டுமே. அப்படியானால் ஒரு லீற்றர் பெற்றோலைப் பற்றீரியா உண்டு முடிப்பதற்கு, ஏறத்தாழ 3 இலட்சம் லீற்றர் நீரில் உள்ள ஒட்சிசன் முழுவதும் தேவைப்படும். கிணற்றில் ஒரு போத்தல் பற்றீரியாவை ஊற்றிவிட்டால் போதும் என்று நினைப்போர் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். உண்ண ஆள் இருக்கிறது. மூச்சுவிடக் காற்றுத்தான் இல்லை.

ஆனால் உலகத்தின் கற்பனையைக் கவர்ந்தது ரேமண்டின் உரமும் காற்றும் அல்ல. வங்காளத்தில் பிறந்து அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றிய ஆனந்த சக்ரபர்த்தி, எண்ணெயின் பல்வேறு கூறுகளை ஒருங்கே உண்ணக்கூடிய ஒரு பற்றீரியாவை ஆய்வுகூடத்தில் உருவாக்கினார். உயிருள்ள ஒன்றுக்குக் காப்புரிமை வழங்கலாமா என்ற வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1980 ஜூன் 16 இல் ஐந்துக்கு நான்கு என்ற வாக்குகளில் அவருக்குச் சார்பாக முடிந்தது. பத்திரிகைகள் ‘எண்ணெய் தின்னும் கிருமி’ என்று கொண்டாடின. நமது பத்திரிகைகளும் விலக்கல்ல. அந்தக் கிருமி ஒருபோதும் எண்ணெய்க் கசிவு எதிலும் விடப்படவில்லை என்ற செய்திக்கு மட்டும் எவரும் தலைப்பு இடவில்லை. 1989 இல் எக்ஸொன் வால்டீஸ் கப்பல் அலாஸ்காவில் தரைதட்டியபோது கரையோரப் பாறைகளில் தூவப்பட்டதும் உரந்தான். வேலை செய்தவை உள்ளூர் உயிர்களே.

இவையெல்லாம் இயற்கை எண்ணெயின் கதை. இயற்கையில் இல்லாத ஒன்றைப் பெற்றோலில் கலந்தால் இந்த உயிர்கள் என்ன செய்யும்? எரிபொருள் சேர்மானங்களின் வரலாறு இந்தக் கேள்விக்கு விடை தருகிறது.

முதல் சேர்மானம் ஈயம். இயந்திரம் ‘தட்டாமல்’ ஓடுவதற்காக 1921 டிசம்பரில் தோமஸ் மிட்ஜ்லி கண்டறிந்த ஈயச் சேர்வை, அரை நூற்றாண்டுக்கும் மேல் உலகத்தின் பெற்றோல் தாங்கிகளை ஆண்டது. 1924 இல் அதைத் தயாரித்த தொழிலாளர்கள் சித்தம் கலங்கி இறந்த பின்னரும் அது நிற்கவில்லை. இந்தியாவில் 2000 ஆம் ஆண்டிலும் இலங்கையில் 2002 ஜூனிலும் ஈயம் கலந்த பெற்றோல் முடிவுக்கு வந்தது. உலகில் கடைசியாக அல்ஜீரியா 2021 இல் கைவிட்டது. ஈயத்தின் விடயத்தில் பற்றீரியா செய்யக்கூடியது மிகக் குறைவு. சேர்வையைப் பிரிக்கலாம். பிரிந்தாலும் ஈயம் ஈயமாகவே மண்ணில் கிடக்கும். மூலகத்தை எந்த உயிராலும் செரித்து இல்லாமற் செய்ய முடியாது. சுன்னாகத்தில் உலோகங்களைப் பற்றி எழுந்த அச்சத்துக்கும் இது பொருந்தும்.

ஈயத்தின் இடத்துக்கு அமெரிக்காவில் 1979 முதல் வந்தது மெதைல் ரேர்ஷியரி பியூற்றைல் ஈதர். நாவுக்கு இதம் தராத பெயர், எம்.ரி.பி.ஈ. என்று சுருக்கி அழைக்கிறார்கள். 1990 ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டத் திருத்தம், மாசு மிகுந்த நகரங்களில் பெற்றோலில் ஒட்சிசன் சேர்ந்த பொருளைக் கலக்க வேண்டும் என்று விதித்ததும், பல இடங்களில் பெற்றோலின் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இதுவே ஆயிற்று. காற்று ஓரளவு தெளிந்தது. ஆனால் நிலத்தடித் தாங்கிகள் கசிந்தபோது அதன் மறுபக்கம் தெரிந்தது. பெற்றோலின் ஏனைய கூறுகள் நீரில் அதிகம் கரையாமல் கசிவிடத்தின் அருகிலேயே தங்கிவிடும். இது நீரில் எளிதாகக் கரைந்து, மண்ணில் ஒட்டாமல், நீர் போகும் இடமெல்லாம் உடன் போகும். நூறு கோடியில் சில பங்கு கலந்தாலே நீர் கர்ப்பூரத் தைலம் போல நாறும். கலிபோர்னியாவின் சாந்தா மோனிக்கா நகரம் 1996 இல் தன் குடிநீர்க் கிணறுகளை மூட நேர்ந்து, நீர் வழங்கலில் ஏறத்தாழ பாதியை இழந்தது.

இந்த ஈதரை எந்த உயிரும் உண்ணாது என்றே பலரும் அக்காலத்தில் நம்பினார்கள். அதன் மூலக்கூற்றில் உள்ள ஈதர்ப் பிணைப்பும், கொத்தாகக் கிளைத்த காபன் அமைப்பும் நொதியங்களுக்கு எளிதில் இடம் கொடாதவை. ஷெல் நிறுவனத்தின் ஆய்வாளர் சலனித்ரோவும் அவருடைய குழுவினரும் 1994 இல், இரசாயன ஆலைக் கழிவுச் சேற்றிலிருந்து பெற்ற ஒரு பற்றீரியாக் கூட்டம் இதனை மெல்ல உண்பதாக அறிவித்தனர். இன்னும் சுவையான கண்டுபிடிப்பு லொஸ் ஏஞ்சலிஸ் மாவட்டத்தின் கார்சன் கழிவுநீர் நிலையத்தில் நிகழ்ந்தது. அங்கே வெளியேறும் நாற்றக் காற்றைக் கூட்டெருவின் வழியே செலுத்தி வடிகட்டிக்கொண்டிருந்தார்கள். ஏறத்தாழ ஓராண்டு கழிந்தபோது, எவரும் எதுவும் செய்யாமலே, அக்காற்றிலிருந்த எம்.ரி.பி.ஈ. மறையத் தொடங்கியது. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் கேற் ஸ்கோ தலைமையிலான ஆய்வாளர்கள் அந்தக் கூட்டெருவிலிருந்து, அதனை மட்டுமே உணவாகக் கொண்டு வாழவல்ல ஒரு பற்றீரியாவைத் தனியாகப் பிரித்தெடுத்து 1999 இல் வெளியிட்டனர். பி.எம்.1 என்று அழைக்கப்பட்ட அதற்கு 2006 இல் மெதிலிபியம் பெட்ரோலியீபிலம் என்ற பெயர் சூட்டப்பட்டது.

ஆய்வுகூடத்தில் உண்பது ஒன்று, நிலத்தடியில் உண்பது வேறு. கலிபோர்னியாவின் போர்ட் ஹியூனீம் கடற்படைத் தளத்தில் எண்பதுகளின் நடுவில் கசிந்த பெற்றோலினால் எம்.ரி.பி.ஈ. நிலத்தடி நீரில் ஒரு கிலோமீற்றருக்கும் மேலாகப் பரவியிருந்தது. அங்கே அருகருகே பாத்திகள் அமைத்துச் சோதித்தார்கள். ஒன்றில் வளர்த்தெடுத்த பற்றீரியாவையும் ஒட்சிசனையும் செலுத்தினார்கள். மற்றொன்றில் ஒட்சிசன் மட்டும். முதலாவதில் மாசு விரைவில் குறைந்தது. பல மாதம் தாமதித்து இரண்டாவதிலும் குறைந்தது. உள்ளூர் உயிர்கள் அங்கேயும் இருந்தன. மூச்சு கிடைத்ததும் அவை வேலையைத் தொடங்கின. அம்பிளரில் கண்டதுதான், கால் நூற்றாண்டு கழித்து, மனிதன் செய்த இரசாயனத்திலும் கண்டார்கள்.

கலிபோர்னியா 2003 இன் முடிவோடு இந்த ஈதரைக் கைவிட்டது. 2006 அளவில் அமெரிக்கா முழுவதிலும் எண்ணெய் நிறுவனங்கள் அதை விலக்கி எதனோலுக்கு மாறின. எதனோல் சாராயந்தானே, பற்றீரியா விரும்பி உண்ணுமே என்று ஆறுதல் அடையலாம். விரும்பி உண்பதிலேதான் சிக்கல். பிரேசிலின் புளோரியானோபொலிஸ் நகரில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1998 இல், எதனோல் கலந்த பெற்றோல் 100 லீற்றரை வேண்டுமென்றே நிலத்தடியில் விட்டு ஆண்டுக்கணக்கில் கவனித்தார்கள். பற்றீரியா எதனோலை முதலில் உண்டு, இருந்த ஒட்சிசனையும் அதிலேயே செலவழித்தது. புற்றுநோய் தரும் பென்சீன் முதலியவை தீண்டப்படாமல் காத்திருந்தன. பந்தியில் பாயசத்தை முதலில் வைத்தால் பாகற்காய்க் கறியை யார் தொடுவார்? இந்தியா 2025 இல் பெற்றோலில் 20 சதவீதம் எதனோல் என்ற நிலையை எட்டியிருக்கிறது. வாகனத்தின் மைலேஜ் குறைகிறதா என்ற விவாதம் தமிழகத்தில் சூடாக நடக்கிறது. எரிபொருள் நிரப்பு நிலையத்தின் அடியில் புதைந்த தாங்கி கசிந்தால் பக்கத்துக் கிணற்றுக்கு என்ன ஆகும் என்ற கேள்வியை அதே சூட்டோடு எழுப்பியவர்களை நான் காணவில்லை.

தமிழகத்துக்கு இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. சென்னை தண்டையார்பேட்டையில் 2013 இல், நிலத்தடிக் குழாய்க் கசிவினால் வீட்டு ஆழ்துளைக் கிணறுகளில் நீரோடு எண்ணெய் வந்தது. 2017 ஜனவரி 28 இல் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதியதில் கரையொதுங்கிய எண்ணெய்ச் சேற்றை இளைஞர்கள் வாளிகளால் அள்ளிய காட்சி நினைவிருக்கும். அள்ளிய சேற்றின் ஒரு பகுதியைத் துறைமுக வளாகத்தில் குழிவெட்டி, மண்ணோடும் நுண்ணுயிரோடும் கலந்து பரப்பிச் சிதைத்தார்கள். இந்தியா இத்துறையில் பின்தங்கிய நாடன்று. டெல்லியிலுள்ள தெரி நிறுவனத்தின் விஞ்ஞானி பன்வாரி லாலும் குழுவினரும் உருவாக்கிய ‘ஒயில்சாப்பர்’ என்ற பற்றீரியாக் கலவை, சோளக்கதிரின் தண்டைப் பொடித்து அதில் ஏற்றித் தரப்படுகிறது. சுத்திகரிப்பு ஆலைகளின் சேற்றுக் குளங்களை அது தூய்மை செய்திருக்கிறது. ஆனால் அது சேற்றை நிலத்தின்மேல் பரப்பி, உழுது, காற்றாட வைத்துச் செய்யும் வேலை. கிண்டிவிட முடிந்த இடத்தில் பற்றீரியா வல்லவன். பாறை வெடிப்புக்குள் கிண்டுவது எப்படி?

இனிச் சுன்னாகத்துக்கு வருவோம். மின் நிலைய வளவுக்குள் எண்ணெய் ஊறிய மண்ணும் சேறும் எங்கே கிடந்தாலும், அவற்றை அகழ்ந்து மேலே பரப்பிப் பற்றீரியாவினால் சிதைப்பது செய்யத்தக்க காரியம். எண்ணூரிலும் வட இந்திய ஆலைகளிலும் செய்யப்பட்டதே அது. மசகு எண்ணெயின் உலோகங்கள் மட்டும் எஞ்சும். அந்த மண்ணைத் தனியே காப்பிட வேண்டும். இதைச் செய்யாமல் கிணறுகளைத் தூய்மை செய்ய முனைவது, திறந்த குழாயின் கீழே நின்று நிலத்தைத் துடைப்பதற்கு ஒப்பாகும்.

நிலத்தடி நீரைப் பொறுத்தவரை அம்பிளரின் வழியை அப்படியே பின்பற்ற முடியாது என்பது என் எண்ணம். அங்கே உரத்தைக் கரைத்துச் செலுத்தினார்கள். வலிகாமத்தின் நீரிலோ தோட்டங்களுக்கு இட்ட உரத்தினால் நைத்திரேற்று ஏற்கெனவே மிகுந்திருக்கிறது. பல கிணறுகளில் அது குடிநீருக்கான வரம்பைத் தாண்டியிருப்பது நீண்டகாலமாகத் தெரிந்த செய்தி. குழந்தைகளுக்கு ஆகாத நைத்திரேற்றை இன்னும் ஏற்றுவதற்கு எந்தத் தாய் சம்மதிப்பாள்? விந்தை என்னவென்றால், ஒட்சிசன் இல்லாதபோது நைத்திரேற்றையே மூச்சாகக் கொண்டு தொலுயீன் போன்ற கூறுகளை உண்ணும் பற்றீரியாவும் உண்டு. வெங்காயத் தோட்டத்தின் குற்றம் மின் நிலையத்தின் குற்றத்தைச் சிறிது கழுவக்கூடும் என்பது இரசாயனம் ஒப்புக்கொள்ளும் சாத்தியம். பென்சீன் விடயத்தில் அந்த உதவி பெரிதாகக் கிட்டாது. காற்றை மட்டும் செலுத்துவதும் வழிதான். ஆனால் வெடிப்புப் பாறையில் செலுத்திய காற்று எந்த இடுக்கால் எங்கே வெளியேறும் என்பதைத் துளையிட்டுப் பார்த்தே அறிய வேண்டும். பற்றீரியாவை வெளியிலிருந்து வாங்கும் தேவை இவற்றில் எதிலும் முதலிடம் பெறவில்லை என்பதைக் கவனியுங்கள். போத்தலில் விற்கப்படும் பற்றீரியாவுடன் எவரேனும் உங்கள் கிணற்றடிக்கு வந்தால், அவரிடம் ஒட்சிசனுக்கு என்ன ஏற்பாடு என்று கேளுங்கள்.

இன்னொரு விடயம் உண்டு. சுன்னாகத்தின் உயிர்கள் இத்தனை ஆண்டுகளில் தாமாகவே ஒரு பகுதியை உண்டு முடித்திருக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமே. உலகின் பல கசிவுகளில் அப்படி நடந்திருக்கிறது. ஆயினும் ‘இயற்கையே தூய்மை செய்துவிட்டது’ என்ற வாக்கியம், தூய்மை செய்ய வேண்டியவர்களுக்கு மிகவும் வசதியான வாக்கியம். அதைச் சொல்வதற்கு உலகெங்கும் ஒரு நடைமுறை இருக்கிறது. குறித்த கிணறுகளில் ஆண்டுதோறும் மாரியிலும் கோடையிலும் நீர் எடுத்து, எண்ணெயின் ஒவ்வொரு கூறையும், கூடவே கரைந்த ஒட்சிசனையும் நைத்திரேற்றையும் அளந்து, எண்ணெய் குறையும் இடத்தில் ஒட்சிசனும் குறைகிறதா என்று பார்ப்பார்கள். அப்படிக் குறைந்தால் அங்கே உண்ணும் வாய்கள் உள்ளன என்று பொருள். எண்ணெய் மட்டும் குறைந்து ஒட்சிசன் அப்படியே இருந்தால், அது வேறெங்கோ நகர்ந்துவிட்டது. அடுத்த ஊர்க் கிணற்றில் தேட வேண்டும்.

2024 ஆகஸ்டில் வடமராட்சி கிழக்கில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. யாழ்ப்பாணத்துக்குக் குழாய்நீர் வருவது நல்ல செய்தி. குழாய் வந்த ஊரில் கிணற்றை எட்டிப் பார்ப்போர் குறைந்துவிடுவார்கள் என்பதும் நான் பல ஊர்களில் கண்டது. தோட்டத்துக்கு இறைப்பது இன்னும் அந்தக் கிணற்று நீரைத்தான். 2014 இல் ஆராயப்பட்ட அந்த 150 கிணறுகள் எங்கெங்கே உள்ளன என்பது பதிவில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழகம் இருக்கிறது, ஆய்வுகூடம் இருக்கிறது, இரசாயனம் படிக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். அதே கிணறுகளில், அதே முறையில், வரும் மாரி முடிந்ததும் மீண்டும் ஒருமுறை நீர் எடுத்து ஒட்சிசனோடு சேர்த்து அளந்து, வீட்டுக்காரர் ஒவ்வொருவரின் கையிலும் அவரவர் கிணற்றின் முடிவைத் தமிழில் எழுதிக் கொடுக்கலாம்.